அணிப் பெருக்கலின் வடிவியல் பொருள்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் அறிமுகமாகும் அணிகளைக் கூட்டுவதும் கழிப்பதும் மாணவர்களுக்கு எளிதாகவே இருக்கின்றன. பெருக்கலில்தான் பலர் திகைக்கின்றனர். முதல் அணியின் நிரையை, அதாவது கிடைவரிசையை, இரண்டாம் அணியின் நிரலோடு, அதாவது செங்குத்து வரிசையோடு, உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்ட வேண்டும் என்ற விதி காரணம் விளங்காத மனப்பாடமாகவே நின்றுவிடுகிறது. அக்காரணம், சுழற்சி, எதிரொளிப்பு முதலிய வடிவியல் உருமாற்றங்களில் இருக்கிறது.

ஆதிப்புள்ளியை அசைக்காத இத்தகைய உருமாற்றத்தைக் குறிக்கும் 2×2 அணியில், முதல் நிரல் (1, 0) என்ற புள்ளி சென்று சேரும் இடத்தையும், இரண்டாம் நிரல் (0, 1) சேரும் இடத்தையும் காட்டுகின்றன. தளத்தின் மற்ற எல்லாப் புள்ளிகளும் இவ்விரண்டின் மடங்குகளைக் கூட்டிப் பெறத்தக்கவை ஆதலால், அவை சேரும் இடங்களும் இவற்றிலிருந்தே கிடைத்துவிடுகின்றன. கடிகார எதிர்த்திசையில் 90° சுழற்றும்போது (1, 0) என்பது (0, 1) ஆகவும், (0, 1) என்பது (−1, 0) ஆகவும் மாறுவதால், (3, 1) என்ற புள்ளி, முன்னதன் மும்மடங்கும் பின்னதன் ஒரு மடங்கும் சேர்ந்த (−1, 3) என்ற இடத்தை அடைகிறது. அந்த அணியின் நிரைகளான (0, −1), (1, 0) ஆகியவற்றை (3, 1) உடன் பெருக்கிக் கூட்டினாலும் இதே விடை வருவதைக் காணலாம்.

ஓர் உருமாற்றத்தை அடுத்து மற்றொன்றைச் செய்வதால் விளையும் ஒரே உருமாற்றத்தைக் குறிப்பதே இரு அணிகளின் பெருக்கற்பலன். அதில் வலப்புறமுள்ள அணியே முதலில் செயல்படுகிறது. மேற்கண்ட (−1, 3) என்ற புள்ளியை x அச்சில் எதிரொளித்தால் (−1, −3) கிடைக்கிறது. மாறாக, (3, 1) என்பதை முதலில் எதிரொளித்து (3, −1) ஆக்கி, அதன்பின் சுழற்றினால் (1, 3) கிடைக்கிறது. வரிசை மாறியதும் விடை மாறியதால், அணிப் பெருக்கல் பரிமாற்றுப் பண்புடையது அன்று என்பது கண்கூடாகிறது.

1858இல் அணிகளின் இயற்கணிதத்தை முறைப்படுத்தி வெளியிட்ட ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆர்தர் கெய்லி, உருமாற்றங்களை அடுத்தடுத்துச் செய்வதிலிருந்தே பெருக்கல் விதியைப் பெற்றார். கணினித் திரையில் உருவங்களைச் சுழற்றவும் பெரிதாக்கவும் இன்றும் இதே பெருக்கல் பயன்படுகிறது. எனவே ஆசிரியர்கள் விதியைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன், ஒரு முக்கோணத்தை வரைபடத்தாளில் சுழற்றியும் எதிரொளித்தும் பார்க்க மாணவர்களுக்கு ஒரு பாடவேளையேனும் ஒதுக்க வேண்டும்.