இதய மாத்திரையும் ஸ்டீராய்டும் சேரும்போது: விடாத களைப்புக்குக் காரணம் என்ன?

நம் குடும்பங்களில் அறுபதைக் கடந்த பலருடைய மாத்திரை டப்பாவில் இன்று இரண்டு வகை மருந்துகள் சேர்ந்தே இருக்கின்றன. ஒன்று, இதயத்துக்கும் பிரஷருக்கும் உரியவை. மற்றொன்று, மூட்டு வாதம், ஆஸ்துமா, லூபஸ், சிறுநீரக நோய் போன்றவற்றுக்காக மாதக்கணக்கில் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு. பெரும்பாலும் இரண்டையும் எழுதிக் கொடுத்தவர்கள் வேறு வேறு மருத்துவர்கள். இரண்டு சீட்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர் வீட்டிலிருக்கும் மகளோ மருமகளோதான்.

"காலையிலிருந்தே உடம்பு அசதியா இருக்கு" என்று உம்மாவோ அத்தாவோ சொன்னால், "வயசாகுதுல்ல" என்று பதில் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் இந்த இரு மருந்துகளையும் சேர்த்து எடுப்பவர்களின் களைப்புக்குப் பின்னால், கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடிய காரணம் பல நேரங்களில் இருக்கிறது. சில வேளைகளில் அந்தக் களைப்பு ஓர் ஆபத்தின் முதல் அறிகுறியாகவும் இருக்கிறது. எனவே இதை விளக்கமாகப் பார்ப்போம்.

ஸ்டீராய்டு உடலில் என்ன செய்கிறது?

நம் இரு சிறுநீரகங்களின் மேலே தொப்பி போல அட்ரீனல் என்ற சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அவை கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ரத்த அழுத்தம் விழாமல் இருக்கவும், சர்க்கரை அளவு சீராக இருக்கவும், காய்ச்சலையும் காயத்தையும் உடல் தாங்கவும் இந்த ஹார்மோன் வேண்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த கார்ட்டிசோன் மருந்தாக முதன்முதலில் 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டு வாத நோயாளிக்குக் கொடுக்கப்பட்டது. அந்த ஆய்வுகளுக்காக ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் 1950இல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று நம் ஊர் மெடிக்கல்களில் கிடைக்கும் பிரெட்னிசோலோன், டிஃப்ளாசாகார்ட், டெக்ஸாமெத்தசோன் எல்லாம் அதன் வழி வந்தவைதான்.

உடல் ஒரு நாளில் தானாகச் சுரக்கும் கார்ட்டிசால், ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். அதைவிட அதிகமாக மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் மாத்திரையாகக் கொடுத்து வந்தால், வெளியிலிருந்துதான் வருகிறதே என்று அட்ரீனல் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்திய மறுநாளே அது விழித்துக்கொள்ளாது. மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஓராண்டுகூட ஆகலாம். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

எந்த இதய மருந்தோடு என்ன கவனம்?

நீர் பிரிக்கும் மாத்திரை: கால் வீக்கத்துக்கும் மூச்சுத் திணறலுக்கும் கொடுக்கப்படும் ஃபுரோசமைடு, டோர்செமைடு போன்றவை சிறுநீர் வழியே பொட்டாசியத்தை வெளியேற்றும். ஸ்டீராய்டும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் மிகவும் குறையலாம். ரத்தத்தில் இதன் இயல்பான அளவு ஏறத்தாழ 3.5 முதல் 5 வரை. அதற்குக் கீழே போனால் கை கால் சோர்வு, கெண்டைக்கால் பிடிப்பு, நெஞ்சுப் படபடப்பு வரும்.

டிகாக்சின்: இதயத் துடிப்பைச் சீராக்கும் இந்த மாத்திரை, பொட்டாசியம் குறைந்த உடலில் நஞ்சாக மாறலாம். பசியின்மை, குமட்டல், பார்வை மஞ்சளாகத் தெரிவது, துடிப்பு தாறுமாறாவது ஆகியவை அதன் அறிகுறிகள்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல்: ஸ்டென்ட் வைத்தவர்கள் மருத்துவர் சொல்லாமல் இவற்றை நிறுத்தவே கூடாது. ஆனால் ஸ்டீராய்டோடு சேரும்போது வயிற்றுப் புண்ணும் உள்ரத்தக் கசிவும் வரும் வாய்ப்பு கூடுகிறது. எனவே வயிற்றைக் காக்கும் மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மலம் தார் போலக் கறுத்துப் போனால் அது ரத்தக் கசிவாக இருக்கலாம்.

வார்ஃபரின்: ஸ்டீராய்டைத் தொடங்கும்போதும், அளவை மாற்றும்போதும், நிறுத்தும்போதும் ரத்தம் உறையும் தன்மை மாறலாம். அப்போது ஐ.என்.ஆர். பரிசோதனையை வழக்கத்தைவிட முன்கூட்டியே செய்ய வேண்டும்.

பிரஷர் மாத்திரைகள்: ஸ்டீராய்டு உப்பையும் நீரையும் உடலில் தேக்கி வைக்கும். அதனால் கட்டுக்குள் இருந்த பிரஷர் ஏறலாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு வீக்கம் கூடலாம். மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் இன்னொன்றையும் அறிய வேண்டும். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மாத்திரைகள் மறைத்துவிடும். வியர்வை மட்டுமே அடையாளமாக நிற்கலாம்.

களைப்பு என்ற ஒரே சொல்லுக்குள் பல காரணங்கள்

பெரியவர்கள் "அசதி" என்று ஒரே சொல்லில் சொல்வதை நாம் கேள்வி கேட்டுப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஸஜ்தாவிலிருந்து எழ முடியவில்லை, நாற்காலியிலிருந்து கை ஊன்றித்தான் எழ வேண்டியிருக்கிறது, மாடிப்படி ஏறத் தொடை ஒத்துழைக்கவில்லை, ஆனால் வலி இல்லை என்றால், அது ஸ்டீராய்டால் தொடை, தோள் தசைகள் மெலிவதாக இருக்கலாம். அதே தசைகளில் வலி இருந்தால், கொழுப்பைக் குறைக்க எடுக்கும் அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் மாத்திரையின் விளைவா என்று பார்க்க வேண்டும்.

எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, பசியில்லை, எடை குறைகிறது என்றால் கார்ட்டிசால் பற்றாக்குறையைச் சந்தேகிக்கலாம். குறிப்பாக, அண்மையில் ஸ்டீராய்டின் அளவு குறைக்கப்பட்டிருந்தால்.

நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 50க்கும் கீழே இருந்தால் பீட்டா பிளாக்கரின் அளவு கூடியிருக்கலாம். படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால் சரியாகிறது என்றால் இதயம் சிரமப்படுகிறது. முகம் வெளுத்திருந்தால் ரத்தசோகை. அதற்குப் பின்னால் வயிற்றில் கசிவு இருக்கலாம். அடிக்கடி சிறுநீரும் தாகமும் இருந்தால் சர்க்கரை ஏறியிருக்கலாம். காலையில் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குச் சர்க்கரை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகே ஏறும். வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் செய்தால் இது கண்ணில் படாமல் போகலாம்.

இரவில் தூக்கமே இல்லையா? ஸ்டீராய்டை மாலையில் எடுப்பதும் அதற்குக் காரணமாகலாம். மனச்சோர்வும் உடல் சோர்வாகவே வெளிப்படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே களைப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், படுத்தும் நின்றும் பிரஷர், நாடி, இ.சி.ஜி., பொட்டாசியம், சோடியம், கிரியேட்டினின், ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றைப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நம் உரிமை. இவற்றில் பெரும்பாலானவை சாதாரணப் பரிசோதனைகள்தான்.

திடீரென நிறுத்துவதே பெரிய ஆபத்து

"ஸ்டீராய்டு கெடுதல், உடனே நிறுத்து" என்ற அறிவுரை கல்யாண வீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் தாராளமாகக் கிடைக்கிறது. ஸ்டீராய்டுக்குப் பக்க விளைவுகள் உண்டு என்பது உண்மை. ஆனால் நீண்ட நாள் எடுத்த ஒருவர் அதைச் சட்டென்று விட்டால், தூங்கிக்கொண்டிருக்கும் அட்ரீனல் சுரப்பியால் ஈடுகொடுக்க முடியாது. வாந்தி, கடும் சோர்வு, பிரஷர் இறங்குதல், மயக்கம் என்று சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். ஏற்கெனவே பலவீனமான இதயம் அந்த வீழ்ச்சியைத் தாங்குவது இன்னும் கடினம். குறைப்பதாக இருந்தால், மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மாத்திரை தீர்ந்துபோவதும் நிறுத்துவதற்குச் சமம்தான். குறைந்தது இரண்டு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கையில் இருக்கட்டும். காய்ச்சல், பெரிய காயம், பல் பிடுங்குதல், அறுவை சிகிச்சை ஆகிய நேரங்களில் உடலுக்குக் கூடுதல் ஸ்டீராய்டு தேவைப்படலாம். எவ்வளவு என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. ஊசியாகப் போட வேண்டியிருக்கும்.

நேரமும் சாப்பாடும்

உடலின் சொந்தக் கார்ட்டிசால் அதிகாலையில்தான் உச்சத்தில் இருக்கும். எனவே ஒருவேளை ஸ்டீராய்டு என்றால் பொதுவாகக் காலை உணவுக்குப் பின் எடுக்கச் சொல்வார்கள். நீர் பிரிக்கும் மாத்திரையையும் காலையில் எடுத்தால் இரவுத் தூக்கம் கெடாது.

ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், கருவாடு, அப்பளம், பாக்கெட் தீனி ஆகியவற்றில்தான் நாம் அறியாமல் உப்பு ஏறுகிறது. முட்டை, மீன், பருப்பு போன்ற புரத உணவு தசை மெலிவதைத் தடுக்க உதவும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொட்டாசியம் குறைகிறது என்றதும் எல்லோருக்கும் இளநீரும் வாழைப்பழமும் கொடுத்துவிட முடியாது. ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில், டெல்மிசார்டான் போன்றவற்றை எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் கூடவும் செய்யலாம். அதுவும் இதயத்துக்கு ஆபத்துதான். பரிசோதனை முடிவைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கப்படுபவை பலவற்றில் பொட்டாசியம் சேர்க்கப்படுகிறது என்பதையும் கவனியுங்கள்.

இருமலுக்கு நம் வீடுகளில் கொடுக்கும் அதிமதுரம் இவர்களுக்கு ஏற்றதல்ல. அது பொட்டாசியத்தைக் குறைத்து, உப்பைத் தேக்கி, பிரஷரை ஏற்றும். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வலி மாத்திரைகளும் வயிறு, இதயம், சிறுநீரகம் மூன்றையும் பாதிக்கும். பெயர் தெரியாத பொட்டலப் பொடிகளில் ஸ்டீராய்டே கலந்திருக்கலாம்.

நோன்பும் பயணமும்

ரமலான் நெருங்கும்போது நேரத்தைத் தாங்களே மாற்றிக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. அட்ரீனல் மந்தமாக இருப்பவர், இதயச் செயலிழப்பு உள்ளவர், நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர் ஆகியோர் நீர்ச்சத்து குறைவதை எளிதில் தாங்க மாட்டார்கள். எனவே ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். நோயாளிகளுக்கான சலுகையை அல்குர்ஆனின் 2:185ஆம் வசனம் தெளிவாகத் தந்திருக்கிறது. நோன்பைப் பின்னர் வைப்பதா, ஈடு செய்வதா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். "எல்லாரும் நோன்பு வைக்கிறாங்க, நான் மட்டும்..." என்று வருந்தும் பெரியவரிடம் அந்தச் சலுகையைக் கனிவாக எடுத்துச் சொல்வது பிள்ளைகளின் பொறுப்பு.

உம்ரா, ஹஜ், வளைகுடாவில் பிள்ளைகளைப் பார்க்கப் போவது என எந்தப் பயணமானாலும் மாத்திரையைக் கைப்பையிலேயே வையுங்கள். மருந்தின் பிராண்டு பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் மூலப்பெயரும் அளவும் எழுதிய சீட்டு வேண்டும். "நான் ஸ்டீராய்டு எடுக்கிறேன், திடீரென நிறுத்தக் கூடாது" என்ற குறிப்பு எப்போதும் பர்ஸில் இருக்கட்டும்.

களைப்போடு ஒரு நாளைக் கடத்துவது

காரணத்தைச் சரிசெய்த பின்பும் கொஞ்சம் களைப்பு மிஞ்சலாம். அப்போது தெம்பு இருக்கும் நேரத்துக்கு முக்கிய வேலைகளை வைத்துக்கொள்ளலாம். சமையலை உட்கார்ந்தும் செய்யலாம். ஒழுச் செய்ய ஒரு ஸ்டூல் போடலாம். தலை சுற்றும் நாளில் நாற்காலியில் அமர்ந்து தொழலாம். மருத்துவர் அனுமதித்தால், பத்து நிமிட நடையில் தொடங்கி மெதுவாகக் கூட்டலாம். முழு நாளும் படுத்தே இருந்தால் தசை மேலும் மெலியும். மதியத் தூக்கம் அரை மணி நேரம் போதும்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின் எடை பார்த்து எழுதி வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது நீர்த் தேக்கம். மருத்துவரை அழைக்க வேண்டும். நெஞ்சு வலி, மயக்கம், நிற்காத வாந்தி, கறுப்பு மலம், ஓய்விலும் மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்குக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

இன்றே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வீட்டிலுள்ள எல்லா மருத்துவர்களின் சீட்டுகளையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்து, ஒரே தாளில் பெயர், அளவு, நேரம் எழுதுங்கள். அடுத்த முறை எந்த மருத்துவரைப் பார்த்தாலும் முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள். தனித்தனியாகப் பார்த்தபோது தெரியாத காரணம், எல்லாவற்றையும் ஒரே தாளில் பார்க்கும்போது மருத்துவர் கண்ணில் படக்கூடும்.