ஒரு கைப்பிடி கசகசா!

போன மாதம் என் தம்பிக்கு துபாயில் ஏ.சி. மெக்கானிக் வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக விமானம் ஏறப் போகிறவன் அவன்தான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாளாக வீட்டில் வறுப்பதும், திரிப்பதும்தான் வேலை. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் முடிந்து, கடைசியில் குருமா மசாலாப் பொடி. அதில், 'பிள்ளை ருசியா சாப்பிடட்டும்' என்று ஒரு கைப்பிடி கசகசாவை வறுத்துப் போட்டது நான்தான்.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி, எங்கள் தெருப் பையன் ஒருவன் பார்க்க வந்தான். பன்னிரண்டு வருஷமாக துபாயில் இருப்பவன். பொடி டப்பாக்களைப் பார்த்ததுமே, "அக்கா, இதுல கசகசா போட்டிருக்கீங்களா?" என்று கேட்டான். "கசகசா இல்லாம குருமாப் பொடியா?" என்றேன் பெருமையாக. "முதல்ல அதை வெளியே எடுங்க" என்றான்.

அப்புறம்தான் விவரம் சொன்னான். அபின் எடுக்கிறார்களே, அதே செடியின் விதைதானாம் கசகசா! நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசாங்க லைசென்சோடு அந்தச் செடியைப் பயிரிடுகிறார்கள். விதையை மளிகைக் கடையில் தாராளமாக வாங்கலாம். துபாயிலோ அது போதைப்பொருள் கணக்கு. சவூதியிலும் அப்படித்தான். பிடிபட்டால் கேஸ், ஜெயில் என்று போய்விடும். 'எங்கக்கா சமையலுக்குக் கொடுத்தாங்க' என்று அழுதால் யார் கேட்பார்கள்? எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

பொடியை எடுத்ததோடு அந்தப் பையன் விடவில்லை. பெட்டியில் இருந்த துணிமணி அத்தனையையும் எடுத்து உதறச் சொன்னான். கசகசா பொடிசு இல்லையா, தையல் இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளுமாம். (பலூடாவில் போடும் கறுப்பு விதையையும் சிலர் கசகசா என்பார்கள். அது சப்ஜா விதை, வேறு செடி.)

சகுனத்துக்காக அம்மா பெட்டியின் அடியில் வைத்திருந்த வெற்றிலையையும் எடுக்கச் சொல்லிவிட்டான். அதற்கும் அங்கே தடையாம். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. வெற்றிலையை சாமி படத்தின் முன் வைத்துவிட்டு, திருநீற்றை மட்டும் பூசி அனுப்பினார்.

இத்தோடு முடியவில்லை. எதிர் வீட்டு அக்கா, துபாயில் இருக்கும் தன் மகனுக்கு முதுகுவலி மாத்திரை கொடுத்துவிட்டிருந்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் 'டிராமடால்' என்று போட்டிருந்தது. அந்த மாதிரி வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்தெல்லாம் கொண்டுபோக, டாக்டர் சீட்டோடு, அந்த நாட்டு அரசாங்கத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டுமாம். அதுவும் சாப்பிடுகிறவர் பேரில்தான். நம் பையன் எந்தப் பேரில் கொண்டுபோவான்? ராத்திரி பத்து மணிக்கு நானே போய்த் திருப்பிக் கொடுத்தேன். "பத்து மாத்திரை கொண்டுபோக மனசில்லையா உங்களுக்கு?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

என் ஓரகத்தி சிங்கப்பூர் போனபோது, பிள்ளைகளுக்கு வாங்கிய சூயிங்கம்மை ஏர்போர்ட் வாசலிலேயே எடுத்துப் போட்டாள். 1992-லிருந்தே அங்கே அதைக் கொண்டுபோகத் தடை. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆகவே, பெட்டி கட்டுவதற்கு முன், போகிற நாட்டின் சுங்க இலாகா இணையதளத்தில் என்னென்ன கூடாது என்று பார்த்துவிடுங்கள். நமக்குத் தெரியாவிட்டால் காலேஜ் படிக்கும் பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொன்னால் ஆயிற்று. அடுத்தவர் கொடுக்கும் பார்சலை, சொந்தக்காரராகவே இருந்தாலும், பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

தம்பி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. கசகசா இல்லாமல் குருமா வைக்க, முந்திரியை அரைத்துவிடச் சொல்லிக் கொடுத்தேன். எதிர் வீட்டு அக்காதான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

— ஒரு வாசகி, புதுக்கோட்டை.