டிஸ்க் ஃபுல்... நெட்வொர்க் அவுட்! ஃபயர்வால் பெட்டியில் இடம் தீர்ந்தால் எதை அழிக்கலாம், எதைத் தொடக் கூடாது?

2023 ஆகஸ்ட் 29. ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தின் 14 கார் அசெம்பிளி ஆலைகளும் அன்று ஒரே நாளில் நின்றுபோயின. மொத்தம் 28 உற்பத்தி லைன்கள். உதிரிபாகங்களுக்கு ஆர்டர் போடும் கம்ப்யூட்டர் சிஸ்டம் படுத்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் 1-ம் தேதி, சப்ளையர் நிறுவனம் ஒன்றின் மீது நடந்த சைபர் தாக்குதலால் இதே 14 ஆலைகள் ஒரு நாள் மூடிக்கிடந்தன. அதனால் 'மறுபடியும் ஹேக்கிங்கா?' என்ற சந்தேகம் எழுந்ததில் ஆச்சரியமில்லை.

செப்டம்பர் 6-ம் தேதி நிறுவனமே காரணத்தைச் சொன்னது. ஹேக்கிங் எல்லாம் இல்லை. சர்வரில் டிஸ்க் இடம் போதவில்லை. அவ்வளவுதான்.

இதில் சுவாரஸ்யம் எங்கே என்றால், ஆகஸ்ட் 27-ம் தேதி பராமரிப்பு வேலை நடந்திருக்கிறது. டேட்டாபேஸில் சேர்ந்துபோன தகவல்களை அழித்து ஒழுங்குபடுத்தும்போதுதான் இடம் போதாமல் சிஸ்டம் நின்றிருக்கிறது. சுத்தம் பண்ணப் போன இடத்தில் சிக்கல்! பேக்கப் சர்வர்களும் அதே சிஸ்டத்தில் ஓடியதால் அங்கேயும் அதே கோளாறு வந்தது; வேலையை அதற்கு மாற்றிவிட முடியவில்லை. பெரிய கொள்ளளவு கொண்ட சர்வருக்குத் தகவல்களை மாற்றிய பிறகு, 30-ம் தேதிதான் ஆலைகள் மீண்டும் ஓடின.

டொயோட்டாவுக்கே இந்தக் கதி. அலுவலக மூலையில், யுபிஎஸ் மேலே தூசி படிந்து உட்கார்ந்திருக்கும் ஃபயர்வால் பெட்டியின் கதியைச் சொல்ல வேண்டுமா? வாங்கி மாட்டிய நாளிலிருந்து அதன் டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். திடீரென ஒருநாள் திரையில் சிவப்பு எழுத்தில் '95 சதவீதம்' என்று வரும். அப்போது பதற்றத்தில் செய்யும் வேலைகள்தான் பெரும்பாலும் பிரச்னையைப் பெரிதாக்குகின்றன.

நெட் ஓடுதே, அப்புறம் என்ன?

ஃபயர்வால், வைஃபை கன்ட்ரோலர், மெயில் வடிகட்டும் பெட்டி போன்றவை பார்க்க ஸ்விட்ச் மாதிரி இருந்தாலும், பெரும்பாலானவற்றின் உள்ளே லினக்ஸோ ஃப்ரீபிஎஸ்டியோ ஓடுகிறது. சாதாரண கம்ப்யூட்டர்தான். டிஸ்க் நிறைந்ததும் இன்டர்நெட் சட்டென்று நிற்காது. வந்துபோகும் டேட்டாவை அனுப்பும் வேலை மெமரியிலேயே நடப்பதால் வெளியே எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும். உள்ளே மட்டும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கும்.

முதலில் அட்மின் பக்கத்தில் லாகின் ஆகாது. பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும், லாகின் விவரத்தைத் தற்காலிகமாக எழுதிவைக்க இடமில்லை. புதிய வைரஸ் பட்டியலை டவுன்லோடு பண்ண முடியாமல், பாதுகாப்பு போன வாரத்தோடு நின்றுவிடும். ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சேவை, 'இந்த முகவரியை இவருக்குக் கொடுத்தேன்' என்று எழுதிவைக்க முடியாததால் புதிதாக வரும் லேப்டாப்புக்கு முகவரி தராமல் போகலாம். 'எனக்கு நெட் வருது, அவருக்கு வரலை' என்ற விநோதப் புகார்கள் இப்படித்தான் கிளம்புகின்றன. எல்லாவற்றையும்விட மோசம், அந்த நேரத்தில் யாராவது ஒரு செட்டிங்கை மாற்றி 'சேவ்' கொடுப்பது. கன்ஃபிகரேஷன் ஃபைல் பாதி எழுதப்பட்டோ காலியாகவோ நின்றுவிடும் ஆபத்து உண்டு.

சில பெட்டிகளில், லாக் எழுத இடமில்லை என்றால் டிராஃபிக்கையே நிறுத்திவிடும் செட்டிங் இருக்கிறது. பதிவு இல்லாமல் எதையும் விடக் கூடாது என்று நினைக்கும் இடங்களுக்கானது அது. தெரியாமல் ஆன் பண்ணி வைத்திருந்தால் மொத்த ஆபீஸும் நிற்கும்.

'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்ற வைத்தியமும் இங்கே ஆபத்தானது. ஸ்டார்ட் ஆகும்போதும் பல ஃபைல்களை எழுத வேண்டியிருக்கும். இடமில்லை என்றால் பாதியில் நின்று, திரும்பத் திரும்ப ரீபூட் ஆகலாம். 2004 ஜனவரியில் செவ்வாய் கிரகத்தில் நாசாவின் ஸ்பிரிட் ரோவருக்கே இப்படி நடந்தது. ஃப்ளாஷ் மெமரியில் ஃபைல்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்து, வண்டி தொடர்ந்து ரீபூட் ஆகிக்கொண்டே இருந்தது. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு பழைய ஃபைல்களை அழித்து, மெமரியை ஃபார்மேட் செய்து மீட்டார்கள்.

இடத்தைத் தின்பது எது?

முக்கியமான ஆள், லாக். யார் எந்தத் தளத்துக்குப் போனார், எந்தத் தொடர்பு தடுக்கப்பட்டது என்று ஃபயர்வால் ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டே இருக்கும். ஒரு வரி 300 பைட் என்று வையுங்கள். விநாடிக்கு 200 வரிகள் என்றால், ஒரு நாளைக்கு 5.2 ஜிபி. 120 ஜிபி எஸ்எஸ்டி 23 நாளில் காலி. அதுவும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கான இடத்தைக் கணக்கில் சேர்க்காமல்!

ஏதோ ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க 'டீபக்' லாகை ஆன் பண்ணுவார்கள். கோளாறு சரியானதும் எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். டீபக் மட்டும் மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருக்கும். அதே போல, சோதனைக்காக ஆரம்பித்த 'பாக்கெட் கேப்சர்' நிறுத்தப்படாமல் ஓடும். இந்த இரண்டையும்தான் முதலில் தேட வேண்டும் என்பேன். அடுத்து, பழைய ஃபர்ம்வேர் ஃபைல்கள், ஏதாவது புரோகிராம் கிராஷ் ஆகும்போது உருவாகும் 'கோர் டம்ப்', ரிப்போர்ட் தயாரிக்கும் டேட்டாபேஸ், தடுத்துவைத்த ஸ்பேம் மெயில்கள்.

அழிப்பதற்கு முன் பாருங்கள்

கமாண்ட் அடிக்க வசதியுள்ள பெட்டி என்றால் 'டிஎஃப்' என்ற கமாண்ட் எந்தப் பகுதி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும். மொத்த டிஸ்க்கில் பாதி காலியாக இருந்தும், லாகுக்கென ஒதுக்கிய பார்ட்டிஷன் மட்டும் 100 சதவீதத்தைத் தொட்டிருக்கலாம். நாலு ரூம் வீட்டில் ஒரே ரூமில் எல்லா மூட்டையையும் அடுக்கின கதை. பிறகு 'டியூ' என்ற கமாண்டை வைத்து, எந்த ஃபோல்டர் பெருத்திருக்கிறது என்று ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்க்கலாம். பெரும்பாலும் 'வார்' என்ற ஃபோல்டருக்குள் போய்தான் நிற்பீர்கள்.

இங்கே இரண்டு இடத்தில் அனுபவசாலிகளுக்கும் தலை சுற்றும். 40 ஜிபி லாக் ஃபைலை அழித்துவிட்டீர்கள். ஆனால் டிஎஃப் இன்னும் 100 சதவீதம் என்றே காட்டுகிறது. ஏன்? அந்த ஃபைலை ஒரு புரோகிராம் இன்னும் திறந்துவைத்து எழுதிக்கொண்டிருக்கிறது. வாசலில் இருந்த பெயர்ப்பலகையைத்தான் கழற்றியிருக்கிறீர்கள், குடியிருப்பவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். அந்த புரோகிராமை ரீஸ்டார்ட் பண்ணினால்தான் இடம் திரும்பும். இதைத் தவிர்க்க, ஓடிக்கொண்டிருக்கும் லாகை டெலிட் பண்ணாமல், வெளியே ஒரு நகல் எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்வது நல்லது.

இன்னொன்று, ஜிபி கணக்கில் இடம் இருக்கும், ஆனாலும் 'இடமில்லை' என்றே பிழை வரும். ஒவ்வொரு ஃபைலுக்கும் 'ஐநோடு' என்ற பதிவு தேவை. பல ஃபைல் சிஸ்டங்களில் அந்த எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. குடோனில் இடம் இருக்கிறது, ஆனால் சரக்கு வரவு எழுதும் நோட்டில் பக்கம் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கில் குட்டிக்குட்டி ஃபைல்கள் சேரும் மெயில் பெட்டிகளில் இது சகஜம்.

இடத்தை அடைத்தது எது என்று தெரிந்துவிட்டால் முடிவு எடுப்பது சுலபம். பழைய ஃபர்ம்வேரில், பின்வாங்கத் தேவைப்படும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுக்கலாம். முடிந்துபோன பாக்கெட் கேப்சர் தேவையில்லை. கோர் டம்ப் அடிக்கடி உருவாகிறது என்றால், தயாரிப்பு நிறுவனத்தின் சப்போர்ட்டுக்கு ஒன்றை அனுப்பிய பிறகு அழியுங்கள்; கிராஷுக்குக் காரணம் அதற்குள்தான் இருக்கிறது.

ரிப்போர்ட் டேட்டாபேஸ் ஃபைல்கள் பெரிதாக இருக்கின்றன என்று கமாண்ட் மூலம் நேரடியாக அழித்துவிடாதீர்கள். டேட்டாபேஸே திறக்காமல் போகும். அட்மின் பக்கத்தில் இருக்கும் 'பர்ஜ்' வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும். அதற்கும் கொஞ்சம் இடம் வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரியாதது. எதை அழித்தோம் என்பதையே டேட்டாபேஸ் முதலில் எழுதிவைக்கும். சில வகைச் சுருக்கும் வேலைகளில், புதிய நகலை முழுதாக எழுதிய பிறகுதான் பழையது நீங்கும். அதனால் 99 சதவீதத்தில் ஆரம்பிக்கும் சுத்தம் பாதியில் நிற்கலாம். 70, 80 சதவீதத்தில் ஆரம்பித்தால் இந்தக் கஷ்டமே இல்லை.

லாகை அழிப்பதில் இருக்கும் சட்டச் சிக்கல்

மத்திய அரசின் கம்ப்யூட்டர் அவசர உதவி அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-ம் தேதி ஓர் உத்தரவு போட்டது. சைபர் சம்பவம் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்ற பகுதி அப்போது பரபரப்பாகப் பேசப்பட்டது. அதே உத்தரவில், நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டர் சிஸ்டங்களின் லாகை 180 நாட்களுக்குப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஃபயர்வால் லாகும் இதில் அடக்கம். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் தரப்பட்டது. அதுவும் எப்போதோ முடிந்துவிட்டது.

மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஒரு நாளைக்கு 5.2 ஜிபி என்றால் 180 நாளுக்கு 930 ஜிபிக்கு மேல். பெட்டியில் இருப்பதோ 120 ஜிபி. 'அதான் பழசு ஆட்டோமேட்டிக்கா அழிஞ்சிடுதே, டிஸ்க் ஃபுல்லே ஆகாது' என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். பழையதன் மேல் புதியதை எழுதும் 'ரொட்டேஷன்' வசதியைத்தான் சொல்கிறார்கள். எச்சரிக்கை வராது, பெட்டி நிற்காது, உண்மைதான். ஆனால் மூன்று மாதத்துக்கு முன் உள்ளே நுழைந்த ஆளைத் தேடும்போது, கையில் கடைசி 23 நாள் லாக் மட்டுமே இருக்கும். என்னைக் கேட்டால், சத்தம் போட்டு நிற்கும் பெட்டியைவிட சத்தமில்லாமல் அழிக்கும் பெட்டிதான் ஆபத்து.

இன்னொரு விஷயம். வழக்கமாக நாளைக்கு 5 ஜிபி எழுதும் பெட்டி திடீரென 30 ஜிபி எழுதினால், அது இடப் பிரச்னை மட்டும் இல்லை. யாரோ வெளியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் ஒரு கேமரா வைரஸ் பிடித்து ஊருக்கெல்லாம் தூது விடலாம். அல்லது ஸ்விட்ச்சில் யாரோ ஒரு கேபிளின் இரண்டு முனையையும் சொருகி லூப் ஆகியிருக்கலாம். மூன்றுக்கும் தடயம், நீங்கள் அழிக்க நினைக்கும் அதே லாகில் இருக்கிறது. எந்த ஐபி முகவரி அதிகமாக வருகிறது என்று ஒரு பத்து நிமிடம் பார்த்துவிட்டு, நகல் எடுத்த பிறகு கை வையுங்கள்.

லாகை வெளியே அனுப்புங்கள்

ஃபயர்வாலுக்குப் பெரிய டிஸ்க் வாங்கிப் போடுவதைவிட, லாகை வெளியே அனுப்பிவிடுவதே உருப்படியான வழி. அதற்கான 'சிஸ்லாக்' முறை 1980-களில் எரிக் ஆல்மன், சென்ட்மெயில் என்ற மெயில் மென்பொருளோடு சேர்த்து உருவாக்கியது. இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா நெட்வொர்க் பெட்டிகளிலும் அந்த வசதி இருக்கிறது. செட்டிங்கில் ஒரு ஐபி முகவரி கொடுத்தால் போதும். அந்தப் பக்கம் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸும் 2 டிபி ஹார்டு டிஸ்க்கும் இருந்தால் சின்ன ஆபீஸுக்குத் தாராளம். லாக் வெறும் எழுத்துதான் என்பதால் கம்ப்ரஸ் செய்தால் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். 930 ஜிபி, 100 ஜிபிக்குள் அடங்கிவிடும். ஃபயர்வாலுக்குள் புகுந்தவன் அங்குள்ள லாகை அழித்தாலும் இங்கே பிரதி இருக்கும் என்பது கூடுதல் லாபம்.

ஒரு எச்சரிக்கை. பழைய வழக்கப்படி சிஸ்லாக், யுடிபி போர்ட் 514 வழியாகப் போகும். வந்து சேர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. நெரிசலில் சில வரிகள் தொலைந்தாலும் தெரியாது. பெட்டி அனுமதித்தால் டிசிபி, அல்லது டிஎல்எஸ் பூட்டுடன் 6514 போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியின் கடிகாரத்தை என்டிபி மூலம் சரியாக வைத்திருப்பதும் அவசியம். நேரம் தப்பாக இருக்கும் லாக் விசாரணைக்கு உதவாது.

இரண்டு ஃபயர்வால்களை ஜோடியாக மாட்டியிருப்பவர்கள் டொயோட்டாவின் பேக்கப் சர்வரை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் ஒரே அளவு டிஸ்க், ஒரே செட்டிங் என்றால், முதல் பெட்டியை நிரப்பிய அதே வெள்ளம் அடுத்து இரண்டாவதற்குத்தான் போகும். அதனால் 80 சதவீதத்தில் மெயில் அனுப்பும் அலர்ட்டை இரண்டு பெட்டியிலும் போடுங்கள். லாக் சேரும் அந்தப் பழைய டெஸ்க்டாப்பிலும் போடுங்கள். அலர்ட் போகும் மெயில் முகவரி, வேலையை விட்டுப் போன பழைய அட்மினுடையதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.