நல்ல பையன் இமேஜை உடைத்த ஆர்க்கிடெக்சர் மாணவர்

பழைய ஹாலிவுட் படம் என்றாலே "பிளாக் அண்ட் ஒயிட்டா? தூக்கம் வருமே" என்று ஓடுகிற ஆளா நீங்கள்? ஒரு ஐந்து நிமிஷம் மட்டும் கொடுங்கள். இந்த முறை நாம் பார்க்கப் போகிற நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். ஆறடி மூன்று அங்குல உயரம், ஒல்லி உடம்பு, இழுத்து இழுத்து, திக்கித் திணறிப் பேசும் பேச்சு. மேக்கப் போட்டு ஆளே மாறிப்போகிற நடிகர் கிடையாது. எந்தப் படத்திலும் அதே முகம், அதே குரல்தான். ஆனாலும் காமெடி, காதல், கௌபாய், த்ரில்லர், கோர்ட் டிராமா என எல்லா வகையிலும் நின்று காட்டினார். எப்படி?

டிகிரி ஒன்று, வேலை வேறு

1908-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் இண்டியானா என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு ஹார்ட்வேர் கடை. பையன் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிடெக்சர் படித்து 1932-ல் வெளியே வந்தார். விமான நிலைய வடிவமைப்பு பற்றிய அவரது ப்ராஜெக்ட்டுக்கு மேற்படிப்பு உதவித்தொகையே கிடைத்தது. ஆனால் அது பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம். கட்டடம் கட்ட யாரிடம் காசு இருந்தது? நாடகக் குழுவில் சேர்ந்தார், 1935-ல் எம்ஜிஎம் ஸ்டுடியோவின் ஒப்பந்த நடிகர் ஆனார். "படிச்சதுக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமே இல்லை" என்று புலம்புகிறவர்களுக்கு நல்ல துணை!

லேபிள் ஒட்டியாச்சு

1939-ல் ஃபிராங்க் காப்ரா இயக்கிய 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' அவரைப் பெரிய ஸ்டார் ஆக்கியது. ஊழலை எதிர்த்து செனட் சபையில் உட்காராமல் விடாமல் பேசும் இளம் உறுப்பினர் வேஷம். குரல் நிஜமாகவே கம்ம வேண்டும் என்பதற்காக டாக்டரை வைத்துத் தொண்டையில் மருந்து தடவிக்கொண்டு நடித்தார். அடுத்த வருஷம் 'த பிலடெல்பியா ஸ்டோரி'க்கு சிறந்த நடிகருக்கான ஆஸ்கர். அந்தச் சிலை பல வருஷம் அப்பாவின் ஹார்ட்வேர் கடையில்தான் இருந்தது.

'வெகுளி, நேர்மையானவன், பக்கத்து வீட்டுப் பையன்' என்று லேபிள் ஒட்டியாயிற்று. அதை வைத்தே காலத்தை ஓட்டியிருக்கலாம். நடுவில் யுத்தம் வந்தது.

வானத்தில் 20 முறை

எடை குறைவு என்று ராணுவம் அவரை முதலில் திருப்பி அனுப்பியது. சாப்பிட்டு எடை ஏற்றி, மறுபடி போய் நின்று, 1941 மார்ச்சில் சேர்ந்தார். அமெரிக்கா போரில் இறங்குவதற்கு ஒன்பது மாதம் முன்பே! சும்மா போஸ்டருக்கு போஸ் கொடுக்கிற வேலை இல்லை. இங்கிலாந்திலிருந்து பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களில் 20 போர்ப் பறத்தல்கள். சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தவர் கர்னலாகத் திரும்பினார்.

திரும்பி வந்ததும் நடித்த முதல் படம் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946). இதன் நாயகன் ஜார்ஜ் பெய்லி நம்ம ஆள். பாலம் கட்டணும், வானளாவிய கட்டடம் கட்டணும் என்று கனவு காண்கிறவன். குடும்பப் பொறுப்பால் சொந்த ஊரிலேயே மாட்டிக்கொள்கிறான். ஒரு இரவு, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, தான் செய்து வைத்த பால மாடலைத் தானே தள்ளி உடைப்பான். அந்த முகத்தைப் பாருங்கள். 1939-ன் வெகுளிப் பையன் அங்கே இல்லை.

படம் போட்ட காசை எடுக்கவில்லை. 1974-ல் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் டிவி நிலையங்கள் இஷ்டத்துக்கு ஒளிபரப்பின. அதனாலேயே இன்று அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் என்றால் இந்தப் படம்.

ஒரே குணம், இரண்டு முகம்

1950-ல் ஆந்தனி மான் இயக்கிய 'வின்செஸ்டர் 73'. ஒருவனைப் பழிவாங்க வெறியோடு துரத்தும் கௌபாய். ஸ்டூவர்ட் கேட்ட சம்பளத்தை ஸ்டுடியோவால் தர முடியவில்லை. எனவே லாபத்தில் பங்கு வாங்கிக்கொண்டார். அது பெரிய தொகையானது, மற்ற ஸ்டார்களும் அதே வழியில் போனார்கள். மான் கூட்டணியில் மொத்தம் எட்டுப் படங்கள், அதில் ஐந்து வெஸ்டர்ன்.

அப்புறம் ஹிட்ச்காக். 'ரியர் விண்டோ' (1954) படத்தில் கால் உடைந்து நாற்காலியில் உட்கார்ந்தபடி எதிர்வீடுகளை எட்டிப் பார்க்கும் போட்டோகிராபர். 'வெர்டிகோ' (1958) படத்தில் உயரத்துக்குப் பயப்படும் முன்னாள் டிடெக்டிவ். ஒரு பெண்ணைத் தன் நினைவில் இருக்கும் இன்னொருத்தியாகவே மாற்ற நினைக்கிறான். உடை, முடியின் நிறம் வரை அவன் சொல்கிறபடி! பார்க்கவே கூசும். வெளியானபோது பெரிதாக எடுபடாத படம், 2012-ல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் 'சிட்டிசன் கேன்' படத்தைத் தள்ளி முதலிடம் பிடித்தது.

இங்கேதான் விஷயம் இருக்கு. ஸ்மித்திடம் இருந்ததும் பிடிவாதம், வெர்டிகோ டிடெக்டிவிடம் இருப்பதும் பிடிவாதம். ஒன்றைப் பார்த்துக் கைதட்டுகிறோம், இன்னொன்றைப் பார்த்து பயப்படுகிறோம். ஸ்டூவர்ட் புதுசாக வேறு ஆளாக மாறவில்லை. தனக்குப் பேர் வாங்கித் தந்த அதே குணம் எங்கே போய் விஷமாகும் என்று காட்டத் தயங்கவில்லை. இமேஜை நம்பி வாழும் ஒரு ஸ்டாருக்கு இது சாதாரண ரிஸ்க் இல்லை.

நமக்கென்றே இரண்டு படங்கள்

ஏரோ, மெக்கானிக்கல் மக்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது 'நோ ஹைவே இன் த ஸ்கை' (1951). மூலக்கதை எழுதிய நெவில் ஷூட்டும் விமானப் பொறியாளர்தான். உலோகச் சோர்வால் ஒரு ரக விமானத்தின் வால் 1440 மணி நேரப் பறத்தலில் முறியும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் விஞ்ஞானி நம்ம ஸ்டூவர்ட். யாரும் நம்ப மாட்டார்கள். ஒருநாள் அதே ரக விமானத்தில் அவரே பயணியாக உட்கார்ந்திருப்பார்! படம் வந்து மூன்று வருஷத்தில், 1954-ல், காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறின. காரணம், உலோகச் சோர்வு.

இன்னொன்று 'த ஃபிளைட் ஆஃப் த ஃபீனிக்ஸ்' (1965). சகாரா பாலைவனத்தில் விமானம் விழுகிறது. அதன் உடைந்த பாகங்களை வைத்தே புது விமானம் கட்டலாம் என்கிறான் ஒரு டிசைனர். அனுபவசாலி பைலட் ஸ்டூவர்ட் ஒத்துக்கொள்ள மறுக்கிறார். அனுபவமா, கால்குலேஷனா? பழைய பிடிவாதம்தான், ஆனால் இங்கே அது மற்றவர்கள் உயிர் பிழைப்பதற்கே தடையாக நிற்கிறது.

எதிலிருந்து தொடங்குவது? த்ரில்லர் ரசிகர் என்றால் 'ரியர் விண்டோ'. செமஸ்டர் ரிசல்ட்டால் மனசு சரியில்லை என்றால் 'வொண்டர்ஃபுல் லைஃப்'. 'வெர்டிகோ'வை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நல்ல பையனை முதலில் உங்களுக்குப் பிடித்திருந்தால்தான், இதில் அவர் என்ன செய்கிறார் என்பது உறைக்கும். பார்த்துவிட்டு ஹாஸ்டலில் சண்டை போடுங்கள், தப்பில்லை!