அனுமதி என்னும் தூண்டில்

இணையத்தில் யாதானும் ஒரு தளத்தைத் திறந்தவுடன், திரையின் ஓரத்தே சிறு கட்டமொன்று தோன்றி, அத்தளம் நமக்கு அறிவிப்புகள் அனுப்ப விரும்புவதாகக் கூறி, ‘அனுமதி’, ‘தடு’ என்னும் இரு பொத்தான்களைக் காட்டுதலை நம்மிற் பலர் கண்டிருப்போம். மாணவருட் பெரும்பாலார் அதனைப் படியாமலே முதற்பொத்தானை அழுத்திவிடுகின்றனர். அதனால் விளையுந் துன்பம் சிறிதன்று.

இம்முறை தீங்கு கருதி ஏற்பட்டதன்று. தளத்தை மூடிய பின்னரும் அதன் செய்தி நம்மை வந்து சேரவேண்டும் என்னும் நோக்கத்துடன், 2015-ஆம் ஆண்டில் குரோம் உலாவியும், 2016-இல் பயர்பாக்ஸும் இதனை மேற்கொண்டன. நாம் இசைந்தபின், தளத்தார் விடுக்குஞ் செய்தி உலாவி நிறுவனத்தாரின் சேவையகத்தின் வழியாக வந்து, உலாவியினுள் தங்கியிருக்கும் அத்தளத்தின் சிறு நிரலொன்றால் திரையிற் காட்டப்படுகின்றது. செய்தித்தாள்களுக்கு இது பேருதவி.

நிற்க. இசைவின்றிப் புகவியலாது என்பதை வஞ்சகரும் அறிவர். ஆதலின் இசைவையே வஞ்சித்துப் பெறுகின்றனர். ‘நீர் இயந்திரம் அல்லீர் என மெய்ப்பிக்க அனுமதியை அழுத்துக’, ‘காட்சியைக் காண அனுமதியை அழுத்துக’ என்றெழுதி, கட்டத்தை நோக்கி அம்புக்குறியும் இடுவர். ஈண்டு நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. கட்டம் உலாவிக்குரியது, அதனை அழுத்தச் சொல்லும் வாசகமோ தளத்தார் தீட்டியது. கட்டத்தினுள் அறிவிப்பைத் தவிர வேறெதுவும் பேசப்படுவதில்லை. மனிதரை இயந்திரத்தினின்றும் பிரித்தறியும் உண்மைச் சோதனைக்கு அறிவிப்பு அனுமதி வேண்டுவதேயில்லை. ஏதேன் தோட்டத்துச் சர்ப்பமும் கனியைத் தானே பறித்து ஊட்டவில்லை. ஏவாளின் கையாலேயே பறிக்கச் செய்தது. ‘தடு’ என்பதை அழுத்தினும் சில தளங்கள் வேறொரு முகவரிக்கு நம்மைத் தள்ளி மீண்டும் கேட்கும். அப்பொழுது பக்கத்தை மூடிவிடுதலே தக்கது.

எம் விடுதித் தோழர் ஒருவர், அச்சில் இல்லாத பழைய உரைநூல் ஒன்றன் மின்படியைத் தேடுங்கால் இவ்வலையிற் சிக்கினார். அன்றிரவு முதல் அவர் கைபேசி ஓயாது ஒலித்தது. கருவியில் ஐந்து நச்சுநிரல்கள் புகுந்துவிட்டன என்றும், உடனே பாதுகாப்பு மென்பொருள் வாங்குக என்றும் அறிவிப்புகள் வந்தன. தேர்வுக் கட்டணத்திற்கென வீட்டார் அனுப்பிய பணத்தை அதற்குச் செலுத்தத் துணிந்தவர், அட்டை எண்ணைப் பதியுந் தறுவாயில் என்னிடங் காட்டினார். உண்மையில் நச்சுநிரல் ஒன்றுமில்லை. இவ்வாறு அஞ்சுவோரைப் பிறர் கடைக்கு ஓட்டிக் கொடுத்துத் தரகு பெறுதலே இவரது பிழைப்பு. நச்சுநிரல் இன்மையின், சோதிக்கும் மென்பொருளும் பெரும்பாலும் எதனையுங் காணாது. கதவைத் திறந்தவர் நாமே அன்றோ!

2020-ஆம் ஆண்டு முதல் பயர்பாக்ஸ், நாம் பக்கத்தில் எதனையேனும் அழுத்தாதவரை இக்கேள்விக் கட்டத்தைக் காட்டுவதில்லை. குரோமும் அவ்வாண்டிலேயே தீய தளங்களின் கேள்வியை அடக்கத் தொடங்கிற்று. ஆயினும் முன்னர்த் தந்த அனுமதி தானே நீங்கும் என்றிருத்தல் கூடாது. ஒவ்வோர் அறிவிப்பிலும் அதனை விடுத்த தளத்தின் முகவரி சிற்றெழுத்திற் காணப்படும். அதனைக் குறித்துக்கொண்டு, குரோமின் அமைப்புகளுள் தள அமைப்புகள் என்பதைத் திறந்து, அறிவிப்புகள் என்னும் பகுதியில் அம்முகவரியை நீக்குக. நண்பரது பட்டியலில் அத்தகைய பெயர்கள் ஏழு இருந்தன. அவற்றுள் ஒன்றையேனும் கண்ட நினைவு அவர்க்கில்லை. ஏழையும் நீக்க இரண்டு நிமிடமே ஆயிற்று. அன்றிரவு கைபேசி ஒலிக்கவில்லை. தேர்வுக் கட்டணம் மறுநாட் காலை அலுவலகத்திற் கட்டப்பட்டது.