ரொறன்ரோவுக்குச் சூறாவளி வருமா?

திருகோணமலை லிங்கநகர்க்காரருக்குச் சூறாவளி புதிதல்ல. கார்த்திகை, மார்கழி வந்துவிட்டால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலுக்குக் காது கொடுப்பது இங்கே வழக்கம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், இலங்கையின் வடபகுதியைக் குறுக்கறுத்துத்தான் அங்கே போனது. 2000 டிசம்பர் 26இல் ஒரு சூறாவளி திருகோணமலைக்கு அருகிலேயே கரையேறியது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி என்ற சூறாவளி சற்று வடக்கே தரைதொட்டது. இங்கிருந்து கனடாவுக்கும் நோர்வேக்கும் போன உறவுகளை நினைக்கும்போது, அங்கே பனிதானே, இந்தத் தொல்லை இல்லை என்று நமக்கொரு நிம்மதி. அறிவியல் அந்த நிம்மதிக்கு அவ்வளவாக இடம் கொடுக்கவில்லை.

சூறாவளி பிறக்க வேண்டியவற்றைப் பாடப்புத்தகம் சொல்லும்: ஏறக்குறைய 26½ பாகை செல்சியஸ் சூடான கடல், மேலும் கீழும் பெரிதாக முரண்படாத காற்று, பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பிவிடும் அளவுக்கு நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகையாவது தூரம். திருகோணமலை வடக்கு 8½ பாகையில் இருக்கிறது; எல்லாம் பொருந்தும். ஆனால் 2001 டிசம்பர் இறுதியில் சிங்கப்பூருக்கு அருகே, ஏறக்குறைய ஒன்றரைப் பாகையில், வாமெய் என்ற சூறாவளி உருவாகி அந்த 5 பாகைக் கணக்கைப் பொய்யாக்கியது. தெற்கு எல்லை இப்படி என்றால், வடக்கே கடகக் கோட்டை மட்டும் புயல்கள் எப்படி மதிக்கும்?

புயலுக்கு வரைபடத்துக் கோடு தெரியாது. அதற்குத் தெரிந்தது வெப்பம்தான். வங்காள விரிகுடாவில் கடல்நீர் ஆவியாகி மேலே போய் முகிலாகக் குளிரும்போது, ஆவியில் ஒளிந்திருந்த வெப்பம் வெளிப்படுகிறது. நடுப்பகுதி சூடாகி அமுக்கம் விழ, காற்று இன்னும் வேகமாக உள்ளே பாய்ந்து இன்னும் நீரை ஆவியாக்குகிறது. இதுதான் வெப்ப மையம் கொண்ட சூறாவளி. ஐரோப்பாவின் குளிர்காலப் புயல்களுக்கு எரிபொருள் வேறு: குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் பக்கம் பக்கமாக நிற்கும் வேறுபாடு. அவற்றின் மையம் குளிர்ந்தது, உடல் பெரியது. நம் சூறாவளியைக் கிழித்துவிடும் மேற்காற்று முரண்பாடு அவற்றுக்குத் தீனி.

சுவாரசியம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மத்தியதரைக் கடலில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு புயல்கள் கண்ணோடும் சுருள் முகிலோடும் அச்சு அசலாகச் சூறாவளிபோல் எழுகின்றன. மெடிக்கேன் என்பது அவற்றின் பெயர். 20 பாகைக்குக் குறைந்த நீரிலும் அவை பிறந்திருக்கின்றன, ஏனென்றால் மேலே வந்து நிற்கும் காற்று அதைவிட மிகக் குளிர்ந்தது. கடல் எவ்வளவு சூடு என்பதைவிட, கடலுக்கும் மேற்காற்றுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதே முக்கியம். 2023 செப்டெம்பரில் வந்த டானியல் புயலும் ஒரு மெடிக்கேன்தான். லிபியாவின் தேர்னா நகருக்கு மேலேயிருந்த இரண்டு அணைகள் ஒரே இரவில் உடைந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த நம்மவர்களுக்கு இன்னொரு வகை தெரிந்திருக்கும். ஆர்க்டிக்கின் உறைகாற்று, உறையாத கடல்மேல் பாயும்போது எழும் சிறு துருவப் புயல் அது. ஓரிரு நாளில் அடங்கிவிடும், ஆனால் திடீரென்று வரும். செய்மதிப் படத்தில் சிலவற்றுக்குத் தெளிவான கண்கூட உண்டு. 2004 மார்ச்சில் தெற்குப் பிரேசிலைத் தாக்கிய புயல் இதற்கெல்லாம் மேல். குளிர்மையத்தோடு தொடங்கி, வழியில் வெப்ப மையமாக மாறி, முழுச் சூறாவளியாகக் கரையேறியது. தென் அத்திலாந்திக்கில் சூறாவளியே வராது என்று நம்பியிருந்ததால் வைக்கப் பெயர்கூடக் கைவசம் இல்லை. அது தாக்கிய சாந்தா கத்தரீனா மாநிலத்தின் பெயரையே ஒட்டி கத்தரீனா என்றார்கள்.

எதிர்ப்பக்கமாக மாறுவதும் உண்டு, ரொறன்ரோவுக்கு வந்தது அதுதான். 1954 ஒக்டோபர் 15ஆம் திகதி ஹேசல் என்ற சூறாவளி அமெரிக்காவின் கரோலினாக் கரையில் ஏறி, குளிர்காற்றோடு கலந்து, அன்றிரவே ரொறன்ரோவில் மழையாகக் கொட்டியது. கனடாவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையின் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். அந்த நேரத்தில் அறிவியல் வகைப்படி ஹேசல் சூறாவளியே அல்ல.

இந்த வகைப்பிரிப்பு ஆய்வாளர்களுக்கு அவசியம். ஊர் மக்களுக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். 2012 ஒக்டோபரில் சாண்டி என்ற சூறாவளி அமெரிக்காவின் நியூஜெர்சியை நெருங்கியபோது, கரைதொடும் முன்பே அது சூறாவளித் தன்மையை இழந்துவிடும் என்று கணித்ததால், அன்றைய விதிப்படி அங்கே சூறாவளி எச்சரிக்கை விடப்படவில்லை. வேறு வகை எச்சரிக்கைகள்தான் வந்தன. விமர்சனம் எழுந்த பின், 2013இல் அமெரிக்கா அந்த விதியை மாற்றியது.

நமக்கும் அதே கணக்குத்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையில் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றது காற்று வேகத்தால் அல்ல, வெள்ளத்தாலும் மண்சரிவாலும். ஆகவே அடுத்த அறிவித்தலில் "சூறாவளி இல்லை, வெறும் தாழமுக்கம்" என்று கேட்டதும் வானொலியை நிறுத்திவிடாதீர்கள். எத்தனை மில்லிமீற்றர் மழை, எந்த ஆறு, எந்தக் குளம் என்பதையும் கேளுங்கள். ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.