மறுக்கப்பட்ட வாசல்களைத் திறக்க வைத்த பள்ளி! - நியூ ஆர்லியன்ஸ் 'செயின்ட் அகஸ்டின்' கதை

2025 மே 8. வத்திக்கானில் வெள்ளைப் புகை எழுந்தது. அமெரிக்காவில் பிறந்த முதல் போப்பாக பதினான்காம் லியோ தேர்வானார். அவர் பிறந்தது சிகாகோவில். ஆனால், அவருடைய அம்மா வழித் தாத்தாவும் பாட்டியும் லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், 'ஏழாவது வார்டு' என்ற பகுதியில் வாழ்ந்தவர்கள் என்ற தகவல் அடுத்த சில மணி நேரத்திலேயே வெளியானது. அந்த ஏரியாவே கொண்டாட்டத்தில் இறங்கியது.

ஏழாவது வார்டு, கிரியோல் குடும்பங்களின் கோட்டை. ஆப்பிரிக்க, பிரெஞ்சு, ஸ்பானிய வம்சங்கள் கலந்த மக்கள் இவர்கள். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். இந்தப் பகுதியில்தான் ஓர் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. பெயர், செயின்ட் அகஸ்டின். உள்ளூர்க்காரர்களுக்குச் செல்லமாக 'செயின்ட் ஆக்'.

1951-ல் தொடங்கிய இந்தப் பள்ளி, முதல் 17 ஆண்டுகளில் செய்த காரியங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

கோயிலிலும் கடைசி பெஞ்ச்!

பள்ளி ஏன் தேவைப்பட்டது என்று புரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1892-ல் ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் இதே நியூ ஆர்லியன்ஸில் ரயில் ஏறினார். கிரியோல் சமூகத்தைச் சேர்ந்த, செருப்பு தைக்கும் தொழிலாளி. வெள்ளையர்களுக்கு ஒதுக்கப்பட்ட பெட்டியில் வேண்டுமென்றே உட்கார்ந்தார். கைது செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1896-ல் தீர்ப்பு வந்தது. 'வசதிகள் சமமாக இருந்தால், இனவாரியாகப் பிரித்து வைப்பதில் தவறில்லை' என்றது நீதிமன்றம். அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேல், அமெரிக்கத் தென் மாநிலங்களில் பள்ளி, பேருந்து, உணவகம் எல்லாமே இரண்டு இரண்டாகத்தான் இருந்தன. 'சமம்' என்பது மட்டும் காகிதத்திலேயே நின்றுவிட்டது.

தேவாலயங்களும் விதிவிலக்கு இல்லை. பல ஆலயங்களில் கறுப்பினக் கத்தோலிக்கர்களுக்குக் கடைசி பெஞ்சுகள்தான். வெள்ளையர்கள் நற்கருணை வாங்கி முடித்த பிறகே இவர்கள் முறை வரும்.

கறுப்பினப் பெண் பிள்ளைகளுக்கு செயின்ட் மேரீஸ் அகாடமி இருந்தது. கறுப்பினக் கன்னியர்களின் சபையான 'திருக்குடும்ப சகோதரிகள்' 1867-ல் தொடங்கிய பள்ளி அது. பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்ட கேத்தரின் டிரெக்செல், 1915-ல் சேவியர் என்ற பள்ளியைத் தொடங்கினார். ஆனால், நகரின் பெயர்பெற்ற கத்தோலிக்க ஆண்கள் பள்ளிகளின் கதவுகள் வெள்ளை மாணவர்களுக்கு மட்டுமே திறந்தன. 'நம்ம பையனை எங்கே சேர்ப்பது' என்ற கவலை ஏழாவது வார்டு வீடுகளில் இருந்துகொண்டே இருந்தது.

நிதி திரட்டி எழுந்த கட்டடம்

அப்போது நியூ ஆர்லியன்ஸ் பேராயராக இருந்தவர் ஜோசப் ஃபிரான்சிஸ் ரம்மல். 'இளைஞர் முன்னேற்றத் திட்டம்' என்ற பெயரில் உயர்மறைமாவட்டம் நிதி திரட்டியது. அந்தப் பணத்தில்தான் கட்டடம் எழுந்தது. பள்ளியை நடத்தும் பொறுப்பு ஜோசஃபைட் சபை குருக்களிடம் கொடுக்கப்பட்டது. கறுப்பின மக்களுக்குப் பணியாற்றுவதற்காகவே இயங்கும் அமெரிக்கத் துறவற சபை அது.

பெயர் வைத்ததிலும் ஒரு சேதி இருந்தது. புனித அகஸ்டின் வட ஆப்பிரிக்காவில் பிறந்தவர். இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் ஹிப்போ நகரின் ஆயராக இருந்தவர். 'திருச்சபையின் மாபெரும் சிந்தனையாளர்களில் ஒருவர் ஆப்பிரிக்கர்தான்' என்பதை, ஆப்பிரிக்க வம்சாவளிப் பிள்ளைகள் தினமும் பள்ளி வாசலில் பார்த்துவிட்டு உள்ளே போகலாம்.

1951-ல் வகுப்புகள் தொடங்கின. கறுப்பினக் கத்தோலிக்கக் குடும்பங்களை மனதில் வைத்துத் தொடங்கப்பட்டாலும், மற்ற மதத்துப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தார்கள். ஊதாவும் தங்கமும் பள்ளியின் நிறங்களாயின. விளையாட்டு அணிகளுக்கு 'பர்ப்பிள் நைட்ஸ்' என்று பெயர்.

இதில் ஒரு முரண் இருப்பதை மறைக்க முடியாது. ஏற்கெனவே இருந்த கத்தோலிக்கப் பள்ளிகளில் இந்தப் பிள்ளைகளைச் சேர்த்திருந்தால், இப்படியொரு தனிப் பள்ளி தேவைப்பட்டிருக்குமா? பிரிவினையைத் தொடாமல், அதற்குள்ளேயே ஒரு நல்ல பள்ளியைக் கட்டியது திருச்சபை.

பேராயர் ரம்மலும் படிப்படியாகத்தான் நகர்ந்தார். 1953-ல் ஆலயங்களில் தனி பெஞ்ச் வழக்கத்துக்கு முடிவு கட்டச் சொன்னார். 1956-ல் 'இனப் பிரிவினை பாவம்' என்று சுற்றுமடல் எழுதினார். கத்தோலிக்கப் பள்ளிகளில் எல்லா இன மாணவர்களையும் சேர்க்க உத்தரவிட்டது 1962-ல்தான். அதை எதிர்த்துக் கிளம்பிய மூன்று பேரைத் திருச்சபையிலிருந்தே விலக்கி வைத்தார். முதல் அறிவிப்புக்கும் பள்ளிக் கதவு திறந்ததற்கும் நடுவே 9 ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஆனால், செயின்ட் ஆக் அத்தனை ஆண்டுகள் கைகட்டிக் காத்திருக்கவில்லை.

தீப்பந்தத்திலிருந்து டிரம்பெட்டுக்கு...

1952-ல் எட்வின் ஹாம்ப்டன் பேண்ட் மாஸ்டராகச் சேர்ந்தார். அவர் உருவாக்கிய 'மார்ச்சிங் 100' குழுதான் பிறகு பள்ளியின் அடையாளமே ஆனது. அரை நூற்றாண்டு காலம் அந்தக் குழுவை அவர் வழிநடத்தினார். நிமிர்ந்த முதுகு, ஒரே அளவு எட்டு, பிசிறில்லாத இசை... மூன்றிலும் சமரசமே கிடையாது.

நியூ ஆர்லியன்ஸ் என்றாலே 'மார்டி கிரா' திருவிழா. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள் நகரமே தெருவில் இறங்கும். அதில் 'ரெக்ஸ்' அமைப்பின் ஊர்வலம் ரொம்பப் பிரசித்தம். 1872 முதல் நடக்கிறது. திருவிழாவின் ராஜாவே அதில்தான் பவனி வருவார். வெள்ளையர்கள் நடத்திய பெரிய ஊர்வலங்களில் கறுப்பினத்தவருக்குப் பழங்காலம் தொட்டுக் கிடைத்த வேலை, இரவில் தீப்பந்தம் தூக்கிக்கொண்டு நடப்பது.

1967-ல் ரெக்ஸ் ஊர்வலத்தில் செயின்ட் ஆக் பேண்ட் நடந்தது. அந்த ஊர்வலத்தில் இசைத்த முதல் கறுப்பினப் பள்ளி பேண்ட் இதுதான்.

சாலையோரக் கூட்டத்தில் எல்லோரும் கைதட்டவில்லை. சிலர் எச்சில் துப்பினார்கள். சிலர் கையில் கிடைத்ததை வீசினார்கள். இனத்தைச் சொல்லித் திட்டினார்கள். வாத்தியம் பிடித்திருந்தவர்கள் பதின்ம வயதுப் பையன்கள். பதிலுக்கு ஒரு கை ஓங்கியிருந்தால்கூட, 'பார்த்தீர்களா, இவர்களைச் சேர்த்தால் இப்படித்தான்' என்று சொல்ல ஒரு கூட்டம் காத்திருந்தது. பையன்கள் வரிசை கலையாமல் வாசித்தபடியே நடந்தார்கள்.

விளையாட ஒரு வழக்கு

அதே காலத்தில் இன்னொரு போராட்டம் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது.

லூசியானாவில் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளை 'உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம்' என்ற அமைப்பு நடத்தியது. அதில் வெள்ளையர் பள்ளிகள் மட்டுமே உறுப்பினர்கள். கறுப்பினப் பள்ளிகளுக்குத் தனி அமைப்பு. ஆட்டத்தில்கூட இரண்டும் மோதக் கூடாது. உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும்படி செயின்ட் ஆக் விண்ணப்பித்தது. சங்கம் தன் சேர்க்கை விதியைக் கடுமையாக்கி, வாக்கெடுப்பு நடத்தி, விண்ணப்பத்தை நிராகரித்தது.

பள்ளி வழக்கு போட்டது. 'நாங்கள் தனியார் சங்கம். யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் விருப்பம்' என்ற வாதம் எடுபடவில்லை. சங்கத்தின் உறுப்பினர்களில் பெரும்பாலானவை அரசுப் பள்ளிகள். அரசுப் பள்ளிகள் ஒன்றுகூடி எடுக்கும் முடிவு, அரசின் முடிவு போலத்தான். அரசு இன பேதம் பார்க்க அரசியல் சாசனம் அனுமதிக்காது. இதுதான் தீர்ப்பின் சாரம். 1967-ல் மாவட்ட நீதிமன்றத்தில் பள்ளி வென்றது. 1968-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

சங்கத்துக்குள் நுழைந்த பிறகு, 1975, 1978, 1979 என மூன்று முறை மாநில அமெரிக்கன் ஃபுட்பால் சாம்பியன் பட்டத்தை 'பர்ப்பிள் நைட்ஸ்' தட்டிச் சென்றார்கள். ஒருகாலத்தில் வேண்டாம் என்று தள்ளிய அதே சங்கத்தின் கோப்பை!

பிரம்படியும் உண்டு

பள்ளியின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். தொடக்கத்திலிருந்தே கண்டிப்புக்குப் பெயர்போன பள்ளி இது. தவறு செய்தால் மரத்தட்டையால் அடி. காலம் மாறியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் அதைக் கடைசிவரை வைத்திருந்த பள்ளிகளில் இதுவும் ஒன்று. 2011-ல் பேராயர் 'அடிக்கக் கூடாது' என்றபோது, பெற்றோர்களும் முன்னாள் மாணவர்களும் பள்ளிக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள்! பிள்ளைகளை அடிப்பது சரியில்லை என்பதே இன்றைய பார்வை. ஆனால், வெளியுலகில் ஒரு சின்னத் தவறுக்கும் தங்கள் பையன் பெரிய விலை கொடுக்க நேரும் என்ற பயத்தில் வாழ்ந்த பெற்றோர்களும் அந்த ஊர்வலத்தின் பின்னால் இருக்கிறார்கள்.

வெள்ளம் வந்தபோது...

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரினா சூறாவளி தாக்கியது. தடுப்புச் சுவர்கள் உடைந்து நகரின் பெரும்பகுதி மூழ்கியது. செயின்ட் ஆக் வளாகமும் தப்பவில்லை. மாணவர்கள் வெவ்வேறு ஊர்களுக்குச் சிதறினார்கள்.

அப்போது கைகோத்தவை, இந்தக் கதையின் தொடக்கத்தில் பார்த்த அதே பள்ளிகள்தான். செயின்ட் மேரீஸ், செயின்ட் அகஸ்டின், சேவியர் மூன்றும் சேர்ந்து, சேவியர் வளாகத்தில் 2006 ஜனவரியில் ஒரே பள்ளியாகத் திறந்தன. மூன்று பெயர்களிலிருந்தும் ஓர் எழுத்தை எடுத்து 'மேக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த மாதமே மார்டி கிரா வந்தது. மூன்று பள்ளிகளின் மாணவ, மாணவிகளும் ஒரே பேண்டாகத் தெருவில் இறங்கி வாசித்தார்கள்.

அதன் பிறகு செயின்ட் ஆக் தன் பழைய வளாகத்துக்கே திரும்பியது. பள்ளி இருக்கும் சாலைக்கு முன்பு லண்டன் அவென்யூ என்று பெயர். இப்போது ஏ.பி.டுரோ அவென்யூ. நியூ ஆர்லியன்ஸ் அரசுப் பள்ளிகளின் இனப் பிரிவினைக்கு எதிராக 1952-ல் வழக்கு தொடுத்த கறுப்பின வழக்கறிஞர் அவர். அந்த வழக்கின் பலனாகத்தான் 1960 நவம்பரில், 6 வயதுச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ், மத்திய அரசு அதிகாரிகளின் பாதுகாப்போடு வெள்ளையர் பள்ளிக்குள் நடந்து போனாள்.

இன்று அந்தச் சாலைக்கு வரும் பையன்களுக்கு, நகரத்தின் எந்தப் பள்ளியிலும் விண்ணப்பிக்க உரிமை இருக்கிறது. இருந்தும், தாத்தா படித்த பள்ளி இது என்று பேரனையும் இங்கேயே கொண்டுவந்து சேர்க்கும் குடும்பங்கள் ஏழாவது வார்டில் உண்டு.